முன்கை நரம்பு அழுத்தம்: தழும்பின் நீளம் அளவுகோலாகாது

முன்கையிலோ மணிக்கட்டிலோ நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும் நோய்க்கு, சிறு துளையில் கேமராவை நுழைத்துச் செய்யும் துளைவழி அறுவைதான் உயர்ந்த சிகிச்சை, திறந்து செய்வது காலாவதியானது என்ற கருத்து பரவலாக நிலைபெற்றுவிட்டது. பெருநகர மருத்துவமனை விளம்பரங்களில் தொடங்கும் அது, தூத்துக்குடியின் உப்பளத்துக்கும் மீன்பிடித் துறைக்கும் வந்து சேரும்போது ஊர்ப்பேச்சாகிவிடுகிறது. அதற்குள் நான்கு வாதங்கள் இருக்கின்றன. தோலில் வெட்டு சிறிதானால் உள்ளே சேதமும் சிறிது. கேமரா பார்ப்பதால் தவறு நேராது. மூன்றே நாளில் வேலைக்குப் போகலாம். இவ்வளவு எளிது என்பதால், கை மதமதத்ததுமே செய்துகொள்வது நல்லது. முதல் மூன்றும் பாதி உண்மைகள். நான்காவது, கைக்கே ஆபத்தானது.

நரம்பு நசுங்கும் இடங்கள்

கைக்கு வரும் பெரிய நரம்புகள் மூன்று. மீடியன் நரம்பு முழங்கையின் முன்பக்கமாக இறங்கி, முன்கைத் தசைகளின் நடுவே ஓடி, கார்ப்பல் டனல் எனப்படும் மணிக்கட்டுக் குகை வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றின் உணர்வு இதைச் சேர்ந்தது. அல்னர் நரம்பு முழங்கையின் உள்பக்க எலும்பு முனைக்குப் பின்னால், தோலுக்கு வெகு அருகில் செல்கிறது. முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று பாய்வது இதனால்தான். ரேடியல் நரம்பின் ஆழ்ந்த கிளை முழங்கைக்குச் சற்றுக் கீழே தசைக்குள் புகுந்து, விரல்களை நிமிர்த்தும் தசைகளை இயக்குகிறது.

இம்மூன்றும் வரும் வழியில் இறுக்கமான வாசல்கள் பல உண்டு. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் அவற்றின் குறுக்கே செல்லும் தடித்த தசைநாருக்கும் இடையே, ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நெருக்கிக்கொண்டு போகிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் கெல்பர்மன் குழுவினர் 1981-இல் இந்தக் குகைக்குள் மெல்லிய குழாய் செருகி அழுத்தத்தை அளந்தார்கள். நலமாக உள்ளவர்களுக்கு அது சராசரியாக 2.5 மி.மீ. பாதரசம், நோயாளிகளுக்கு 32. மணிக்கட்டை முழுதாக மடக்கியபோது நோயாளிகளின் அழுத்தம் 90-ஐத் தாண்டியது. அழுத்தம் 30-ஐத் தொட்டாலே நரம்புக்குள் ரத்த ஓட்டம் தடைபடத் தொடங்கும். மணிக்கட்டை மடக்கித் தூங்குபவர் நள்ளிரவில் எழுந்து கையை உதறுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

முழங்கைக்குக் கீழே மீடியன் நரம்புக்கு மேலும் மூன்று வாசல்கள் உள்ளன: இருதலைத் தசையிலிருந்து முன்கையின் உள்பக்கத்துக்கு விரியும் லாசெர்ட்டஸ் என்ற நார்ப்பட்டை, முன்கையை உள்நோக்கித் திருப்பும் தசையின் இரு தலைகளுக்கு இடையிலான சந்து, விரல் மடக்கும் தசையின் வில் போன்ற விளிம்பு. அல்னர் நரம்புக்கு முழங்கையின் பின்புறக் குழியும் மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கமும் நெருக்கடியான இடங்கள். ரேடியல் கிளைக்கு, அது தசைக்குள் நுழையும் வாயிலில் உள்ள நார் வளைவு.

தூத்துக்குடியின் தொழில்கள் இந்த வாசல்களை வேலை வாங்குபவை. நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் சேர்ப்பவர், நனைந்த கம்பை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கி மடக்கி இழுக்கிறார். வலை ஊசியால் கண்ணி கண்ணியாகப் பின்னுபவரின் முன்கை நாள் முழுதும் உள்ளும் புறமும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. இறால் உரிப்பவர் பனிக்கட்டிக் குளிரில் நுனிவிரல்களைச் சலிக்காமல் கிள்ள வைக்கிறார். வ.உ.சி. துறைமுகத்தில் பெட்டகங்களை இரும்புக் கம்பிகளால் கட்டி முறுக்குபவர், முன்கையைத் திருப்பும் தசைக்கே முழுப் பளுவையும் கொடுக்கிறார். முதல் கைக்கும் மூன்றாம் கைக்கும் மணிக்கட்டில் கோளாறு வர வாய்ப்பு அதிகம். மற்ற இரண்டும் முழங்கைக்குக் கீழே நசுங்கக்கூடியவை. நால்வரும் மருத்துவரிடம் சொல்வதோ ஒரே வாக்கியம்: கை மரக்குது.

தோலில் சிறியது, உள்ளே அதேதான்

முதல் வாதம், சிறு வெட்டு என்றால் சிறு சேதம் என்பது. மணிக்கட்டுக் குகையின் அறுவை வரலாறே இதற்கு மறுப்பு. மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குவதை ஜேம்ஸ் பாஜெட் 1854-இல் எழுதினார். குறுக்குத் தசைநாரை அறுத்து நரம்பை விடுவித்ததை ஜேம்ஸ் லியர்மன்த் 1933-இல் வெளியிட்டார். 1950-களில் ஜார்ஜ் ஃபேலன் அந்த அறுவையை உலகமறியச் செய்தார். 1980-களின் இறுதியில் ஜப்பானில் இச்சிரோ ஒகுட்சு உள்நோக்கிக் குழாயைப் புகுத்தினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் சௌவும் ஜான் ஏஜியும் தத்தம் முறைகளைக் கொண்டுவந்தார்கள். இந்த நீண்ட வரிசையில் மாறியது தோலைத் திறக்கும் விதம் மட்டும். திறந்து செய்தாலும் துளை வழியே செய்தாலும் அறுபடுவது அதே குறுக்குத் தசைநார். அது முழுதாக அறுபட வேண்டும். ஒரு இழை மிஞ்சினாலும் நரம்பு அங்கே நசுங்கிக்கொண்டே இருக்கும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 28 ஆய்வுகளைத் தொகுத்து இரு முறைகளையும் ஒப்பிட்டது. நோய்க்குறிகள் தணிவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். பெரிய சிக்கல்களிலும் வேறுபாடு தெரியவில்லை. துளைவழி செய்துகொண்டவர்கள் சராசரியாக எட்டு நாள் முன்னதாக வேலைக்கோ அன்றாட வாழ்வுக்கோ திரும்பினார்கள். திறந்து செய்தவர்களுக்குத் தழும்பில் வலியும் கூச்சமும் கூடுதல். துளைவழி செய்தவர்களுக்குத் தற்காலிக நரம்புப் பாதிப்பு கூடுதல். துளைவழி முறைக்கு எட்டு நாள் லாபம் உண்டு. நோயைத் தணிப்பதில் அது உயர்ந்தது என்பதற்கு அந்த மதிப்பாய்வில் ஆதாரம் கிடையாது.

நாட்கூலி வாங்குபவருக்கு எட்டு நாள் சிறிய தொகையல்ல, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் உள்நோக்கிக்கும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கத்திக்கும் மயக்க மருந்துக்கும் ஆகும் கூடுதல் செலவு எட்டு நாள் கூலியைத் தின்றுவிட்டால் லாபம் எங்கே இருக்கிறது? விளம்பரம் இந்தக் கழித்தலைச் செய்து காட்டுவதில்லை. திறந்து செய்வது என்றால் அரை முழம் கீறல் என்ற கற்பனையும் பழையது. இன்று அந்த வெட்டு உள்ளங்கையின் அடியில் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.

முழங்கையிலும் கதை இதுவே. அல்னர் நரம்பை இருந்த இடத்திலேயே விடுவிப்பதா, எடுத்து எலும்பு முனைக்கு முன்பக்கம் மாற்றி வைப்பதா என்று அறுவை நிபுணர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். காக்ரேன் மதிப்பாய்வு இரண்டும் சம பலன் தருவதாகவும், இடம் மாற்றும் பெரிய அறுவையில் காயத் தொற்று கூடுவதாகவும் கண்டது. உள்ளே குறைவாகக் கலைப்பது நல்லது என்ற பாடம் அங்கே கிடைத்தது. அந்தக் குறைவு, நரம்பைச் சுற்றி எவ்வளவு திசு பிரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. தோலின் மேல் அளவுகோலை வைத்து அதை அளக்க முடியாது.

கேமராவுக்கு எட்டாதவை

இரண்டாம் வாதம் கேமராவின் மீதான நம்பிக்கை. எந்த இடத்தில் நுழைக்கிறார்களோ அந்த இடத்தைத்தான் கேமரா காட்டும். நுழைய வேண்டிய இடத்தை அது சொல்லாது. அதைச் சொல்வது பரிசோதிப்பவரின் விரல்.

மீடியன் நரம்பையே எடுத்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் நசுங்கினால் முதல் மூன்றரை விரல்கள் மரக்கும். கட்டைவிரலின் அடிமேட்டில் உள்ள உள்ளங்கைத் தோல் மரக்காது, ஏனென்றால் அதற்குப் போகும் சிறு கிளை குகைக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. முழங்கைக்குக் கீழே நசுங்கினால் அந்த மேடும் சேர்ந்தே மரக்கும். மணிக்கட்டு நோய் இரவில் எழுப்பும். முன்கை நோய் பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் தலைகாட்டும். ஒரு பஞ்சைத் திரித்து அந்த மேட்டில் தடவிக் கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். அதைக் கேட்காமல் உள்நோக்கிக் குழாயை மணிக்கட்டுக்குள் செலுத்தினால், நோய் இல்லாத குகை மிகத் தெளிவாகத் திரையில் தெரியும்.

இதோடு வலு பார்க்க வேண்டும். கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் வளையமாகச் சேர்க்கச் சொன்னால், மீடியன் நரம்பின் முன்கை ஆழ்கிளை பாதிக்கப்பட்டவருக்கு வளையம் வராது; இரு விரல்களும் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். இரு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு தாளைப் பிடித்து இழுக்கச் சொன்னால், அல்னர் நரம்பு தளர்ந்தவரின் கட்டைவிரல் கணு தானாக மடங்கும். ரேடியல் கிளை நசுங்கியவருக்கு மணிக்கட்டு எழும், விரல்கள் எழா. இந்தச் சோதனைகளுக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

நரம்பு மின்சோதனை உதவும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு அல்ல. மணிக்கட்டுக் குகையில் அது நம்பகமானது. முன்கையில் மீடியன் நரம்பு நசுங்கும்போதும், ரேடியல் கிளை நார் வளைவில் நசுங்கும் ரேடியல் சுரங்க நோயிலும் அது இயல்பாகவே வருவதுண்டு. அறிக்கை சரியாக இருக்கிறது என்பதால் நோயே இல்லை என்று சொல்வதும், மணிக்கட்டில் சிறு தாமதம் காட்டியது என்பதால் கைநோவு முழுவதும் அங்கிருந்தே வருகிறது என்று முடிவுகட்டுவதும் சமமான பிழைகள். ஒரே நரம்பு கழுத்திலும் மணிக்கட்டிலும் என இரு இடங்களில் நசுங்கலாம் என்பதை 1973-இல் ஆப்டனும் மெக்கோமசும் எழுதினார்கள். அப்படிப்பட்ட கையில் ஒரு வாசலை மட்டும் திறந்தால் நோயாளி பாதி குணமாகி, மீதியை ‘ஆபரேஷன் சரியில்லை’ என்ற பெயரில் சுமப்பார்.

அறுக்கவே தேவையில்லாத நோய்களும் நரம்பு அழுத்தத்தின் வேடத்தில் வரும். மீடியன் நரம்பின் முன்கை ஆழ்கிளையின் செயலிழப்பை 1952-இல் விவரித்த கைலோவும் நெவினும் அதை நரம்பழற்சி என்றே தலைப்பிட்டார்கள். பிற்பாடு வந்த தலைமுறை அதை நசுங்கல் நோய் என்று எடுத்துக்கொண்டு வெட்டிப் பார்த்தது. இப்போது பலருக்கு அது அழற்சிதான் என்ற புரிதல் திரும்பியிருக்கிறது: தோளில் கடும் வலி சில நாள் நீடித்து அடங்கிய பிறகு விரல் மடங்காமல் போனால், பல மாதம் பொறுத்துப் பார்ப்பதே முதல் சிகிச்சை. ரேடியல் சுரங்க நோயும் சர்ச்சைக்குரியது. முழங்கையின் வெளிப்பக்க வலி எதற்கும் அடங்காதபோது காரணம் நரம்பாக இருக்கலாம் என்று ரோல்ஸும் மாட்ஸ்லியும் 1972-இல் முன்வைத்தார்கள். அதற்கான அறுவை குறித்து உள்ள சான்றில் பெரும்பகுதி, ஒப்பீட்டுக் குழு இல்லாத நோயாளித் தொகுப்புகள். சான்று இவ்வளவு மெலிந்திருக்கும் நோய்க்கு நவீனக் கருவி ஒன்றைச் சேர்ப்பதால் சான்று தடிக்காது.

நசுங்காமலே மரக்கும் கை

நான்காம் வாதத்தை இங்கேயே எடுத்துக்கொள்வது பொருத்தம், ஏனென்றால் கை மரத்துப்போனால் உடனே அறுவை என்பது நோயறிதலைத் தாண்டிக் குதிப்பது. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை, கழுத்து எலும்புத் தேய்வு ஆகிய எல்லாமே கையை மரக்க வைக்கும். கருவுற்ற காலத்தில் உடலில் நீர் கோத்து வரும் மணிக்கட்டு மதமதப்பு, பேறுகாலத்துக்குப் பின் பெரும்பாலும் தானே தணிகிறது. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஒரு பட்டை.

தமிழ்நாட்டில் தொழுநோயை மறக்கக்கூடாது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்கு இந்தியா அதைக் குறைத்தது, நோய் அற்றுப்போய்விடவில்லை. முழங்கைக்கு மேலே அல்னர் நரம்பு கயிறுபோல் தடித்திருப்பது அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று. தோலில் உணர்வற்ற வெளிறிய படை இருக்கிறதா என்று பார்க்காமல் இதை வெறும் முழங்கை நசுங்கல் என்று எண்ணித் துளைவழியாக விடுவித்தால், கூட்டு மருந்து தொடங்க வேண்டிய மாதங்கள் வீணாகும். வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொடங்கிய தசைநாண் மாற்று அறுவைகள், தொழுநோயால் மடங்கிய விரல்களை மீண்டும் வேலைக்குப் பழக்கின. உலகக் கை அறுவையியலுக்குத் தமிழ்நாடு தந்த கொடை அது. அந்தப் பணி தொடங்குவதற்கே நோய் எது என்ற தெளிவு முன்நிபந்தனை. தொழுநோய் நரம்பை விடுவிக்கும் அறுவை பற்றிய காக்ரேன் மதிப்பாய்வும், ஸ்டீராய்டு மருந்தோடு அறுவையைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் கிடைப்பதாக நிறுவ முடியவில்லை என்றே முடித்தது.

கடற்கரைக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்புகள் 1961-ஓடு நின்றன, சங்குகுளிப்பு நிற்கவில்லை. பழைய முத்துக்குளிகாரர் ஒரே மூச்சில் இறங்கி ஏறினார். இன்றைய சங்குகுளிகாரர் படகிலுள்ள கம்ப்ரசரின் காற்றைக் குழாய் வழியே சுவாசித்து நீண்ட நேரம் அடியில் இருக்கிறார். அப்படி இருந்துவிட்டு விரைவாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகி முழங்கையிலும் தோளிலும் வலியை, கையில் மரப்பை உண்டாக்கும். மேலே ஏறிய சில மணி நேரத்துக்குள் மரத்த கை முன்கை நரம்பின் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. அதற்கு உடனே வேண்டியது ஆக்சிஜனும் மீள் அழுத்த அறையும். பத்து நாள் கழித்து எடுக்கும் மின்சோதனையும் துளை அறுவையும் அந்தக் கைக்கு எதையும் தராது.

மூன்று நாள் கணக்கு

மூன்றாம் வாதம் வேலைக்குத் திரும்பும் வேகம். ஆய்வுகளில் வரும் ‘வேலைக்குத் திரும்புதல்’ மேசையில் எழுதுபவரையும் உள்ளடக்கியது. காயம் மூன்றாம் நாளில் உலர்ந்து தெரியலாம்; பிடிப்பு வலு அப்படித் திரும்புவதில்லை. குறுக்குத் தசைநார் அறுபட்ட பிறகு உள்ளங்கை அடியின் இரு பக்க மேடுகளிலும் ஒரு வலி தங்குகிறது. அது துளைவழியிலும் வரும், திறந்த முறையிலும் வரும், வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை நீடிக்கும். உப்பு வாரும் கம்பு அழுத்துவது சரியாக அந்த மேட்டைத்தான். அடர்ந்த உப்புநீர் ஆறாத காயத்தில் படுவதும் மீன் செதில் கீறுவதும் நகர அலுவலகத்தில் நேராத விபத்துகள். தையல் பிரித்து, தோல் மூடி, பிடிப்பு திரும்பும் வரை பாத்திக்கு இறங்கக்கூடாது என்பதைத் தோலின் வெட்டு எவ்வளவு சிறிது என்பது மாற்றாது.

அவசரமில்லாத அறுவைக்கு இந்தக் கடற்கரையிலேயே காலம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் உப்பளப் பாத்திகள் வேலையின்றிக் கிடக்கின்றன. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இரு காலத்துக்கும் அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. நோய் ஆரம்ப கட்டத்தில் இருந்தால் அந்த மாதங்களில் அறுவையைத் திட்டமிடலாம். எட்டு நாளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் தேவையே எழாது. வேலைக்குத் திரும்பிய பிறகு அதே மெல்லிய கைப்பிடி, அதே மடக்கிய மணிக்கட்டு என்றால் பலனும் குறையும். கம்பின் பிடியைத் தடிப்பாக்குவதும் முறுக்கும் வேலையை ஆட்கள் மாற்றிச் செய்வதும் மருத்துவமனைக்கு வெளியே செய்ய வேண்டிய சிகிச்சைகள்.

எதிர்ப்பக்கப் பிழை

துளைவழி மோகத்தை மறுப்பது அறுவையையே மறுப்பதாகாது. நரம்பில் கத்தி பட்டால் கை விளங்காமல் போய்விடும் என்ற பயம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயம் நரம்புச் சத்து மாத்திரையிலும் எண்ணெய் உருவலிலும் ஆண்டுகளைக் கழிக்க வைக்கிறது. நரம்பு நசுங்கலை அந்த மாத்திரை தீர்க்கும் என்பதற்குச் சான்று கிடையாது. ஸ்டீராய்டு ஊசி நிம்மதி தரும், பெரும்பாலும் தற்காலிகமாக: சுவீடனில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் ஓராண்டுக்குள் அறுவைக்கே வந்தார்கள். நெதர்லாந்தில் 2002-இல் வெளியான ஒப்பீட்டில், பதினெட்டு மாதத்துக்குப் பின் அறுவை செய்தவர்களில் 90 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். இரவுப் பட்டையோடு தொடங்கியவர்களில், இடையில் அறுவைக்கு மாறியவர்களையும் சேர்த்து, 75 விழுக்காட்டினர். பட்டைக்கும் ஓரளவு மதிப்பு உண்டு, ஆகையால் தொடக்க நிலையில் அதுவே முதலில் வர வேண்டும்.

காத்திருப்புக்கு எல்லை இருக்கிறது. வெட்டுப்பட்டோ நெடுநாள் நசுங்கியோ அழிந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கையின் சிறு தசைகளுக்கு உள்ள தூரம் ஓர் அடிக்கு மேல். அதைக் கடக்க ஓராண்டு ஆகலாம். நரம்பின் கட்டளை இல்லாமல் ஒன்று, ஒன்றரை ஆண்டு கிடந்த தசையோ பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் விழிப்பதில்லை. கட்டைவிரல் மேடு வற்றத் தொடங்கியவரும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தசை குழிந்தவரும் தடைக்காலம் வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. அவர்களுக்கு நாள்தான் முக்கியம். எந்த முறை என்பது இரண்டாம் கேள்வி.

விழித்திருக்கும் நோயாளி

குறைந்த தலையீடு என்ற கொள்கை நல்லது. அதைத் துளைக்கும் கேமராவுக்கும் தாரை வார்த்ததே பிழை. கனடாவின் டொனால்ட் லலாண்ட் பரப்பிய முறை இதற்குச் சான்று. மரப்பு மருந்தான லிக்னோகெயினில் சிறிது அட்ரினலின் கலந்து, வெட்டும் இடத்தில் மட்டும் ஊசி போட்டு அரைமணி நேரம் காத்திருந்தால், ரத்தக்குழாய்கள் சுருங்கி வெட்டுமிடம் வறண்டு தெளிவாகிறது. ரத்தத்தை நிறுத்தக் கையை இறுக்கும் பட்டை வேண்டாம்; முழு மயக்கமும் வேண்டாம். விரலில் அட்ரினலின் போட்டால் விரல் அழுகிவிடும் என்று பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். 2005-இல் லலாண்டும் சகாக்களும் கையிலும் விரல்களிலும் அட்ரினலின் போட்ட 3,110 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். ஒரு விரலும் அழுகவில்லை.

சுவீடனின் எலிசபெட் ஹாகெர்ட் இதே முறையில் முன்கையின் லாசெர்ட்டஸ் பட்டையை அறுப்பதை 2013-இல் விவரித்தார். முழங்கை மடிப்புக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு. உள்ளே விரலால் தொட்டுப் பட்டையை உணர்ந்து அறுத்தல். அறுத்த உடனே விழித்திருக்கும் நோயாளியைக் கட்டைவிரலை மடக்கச் சொல்லி வலு திரும்புகிறதா என்று மேசையிலேயே சோதித்தல். திரும்பவில்லை என்றால் அடுத்த வாசலைத் தேடலாம். துளைவழிக் கேமரா தர முடியாத தகவல் இது: நரம்பு விடுபட்டதற்கு அந்தக் கையே நேரில் சாட்சி சொல்கிறது. இங்கே வெட்டு சிறிதாக இருப்பதற்குக் காரணம், நசுங்கும் இடம் முன்பே விரலால் கண்டறியப்பட்டிருப்பது. சிறுவெட்டு துல்லியமான நோயறிதலுக்குப் பின்னால் வர வேண்டும். அதன் இடத்தில் உட்காரக் கூடாது.

இந்த முறைக்கு வேண்டிய பொருட்கள் எந்த மாவட்ட மருத்துவமனையின் அலமாரியிலும் உள்ளவை. வேண்டியது பயிற்சி பெற்ற கை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆர். வெங்கடசாமி வளர்த்த கை அறுவைப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசபாபதி வளர்த்த பிரிவும் அந்தப் பயிற்சிக்கு நாடறிந்த இடங்கள். 2000-இல் தொடங்கிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஒரு கை அறுவை நிபுணரும் ஒரு கைப்பயிற்சியாளரும் இருப்பது, ஓர் உள்நோக்கிக் கருவி வாங்குவதைவிட உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் அதிகம் பயன் தரும்.

ஆகவே, கை மரத்தவர் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது துளையா, திறப்பா என்பதல்ல. எந்த நரம்பு, எந்த இடத்தில் நசுங்குகிறது? சர்க்கரை, தைராய்டு, தொழுநோய், கழுத்து, கடலடி அழுத்தம் ஆகியவை பார்க்கப்பட்டனவா? தசை வற்றத் தொடங்கிவிட்டதா, பொறுக்கலாமா? இந்த மூன்றுக்கும் தெளிவான விடை சொல்பவரின் கையில் மூன்று சென்டிமீட்டர் வெட்டு பாதுகாப்பானது. விடை இல்லாதவரின் கையில் ஒரு சென்டிமீட்டர் துளையும் பெரிது.